முந்தி எடுத்ததும் பிந்தி நின்றதும்

தில்லி ஜங்புராவை அடுத்து, பாராபுல்லா வடிகாலின் கரையிலே, மதராசி கேம்ப் என்று ஊரார் அழைத்த குடியிருப்பு ஒன்று 2025ஆம் ஆண்டு மே மாத இறுதிவரை இருந்தது. நிஜாமுதீன் இரயில் நிலையத்தில் இறங்கியவர் நடந்தே அவ்விடம் சேரலாம். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தன. பெண்கள் அக்கம்பக்கத்துக் காலனிகளில் வீட்டு வேலை செய்தனர். ஆண்கள் கிடைத்த வேலைக்குச் சென்றனர். மத்திய அரசு அலுவலகங்களில் பணிபுரிந்த நண்பர்களாகிய நாங்கள் நால்வரும் சனி, ஞாயிறு மாலைகளில் அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தோம். ஒரு தகரக் கூரை, ஒரு கரும்பலகை, ஒரு பாய்: இவையே எங்கள் பள்ளிக்கூடம்.

பாடம் முடிந்ததும் பிள்ளைகள் விளையாடச் செல்வார்கள். விளையாட்டுக்கு முன் அணி பிரிக்க வேண்டுமல்லவா? அதற்கு அவர்கள் கையாண்ட முறையைக் கண்ட முதல் நாள் நாங்கள் வியந்து நின்றோம். எங்கள் சிற்றூர்களில் இளமையிலே ஆடி மறந்துபோன அதே ‘உத்தி பிரித்தல்’! தில்லியிலே பிறந்து, பாதித் தமிழும் பாதி இந்தியுமாகப் பேசும் பிள்ளைகள், அம்முறையை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தனர்.

உத்தி பிரிப்பதைப் புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்த நம் இளைஞர்கள் அறியார். ஆதலால் சற்று விளக்குவோம். இருவர் தலைவர்களாக நிற்பர். ஏனையோர், தமக்கு ஒத்த திறமையுடையவன் ஒருவனைத் துணை சேர்த்துக்கொண்டு இருவர் இருவராக ஒதுங்கிச் செல்வர். சென்று, ஒருவன் சூரியன், மற்றவன் சந்திரன் என்பது போல இரகசியப் பெயர் சூட்டிக்கொள்வர். பின் தோளில் கைபோட்டுத் திரும்பி வந்து, ‘சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா?’ என்று கேட்பர். தலைவன் பெயரைத்தான் தேர்ந்தெடுக்கிறான், ஆளை அன்று. அவன் கேட்ட பெயருக்குரியவன் அவன் பக்கம் சேருவான்; மற்றவன் எதிரணிக்குச் செல்வான். முந்திக் கேட்பவனுக்கு மிகுதியான இலாபமில்லை, பிந்தியவனுக்கு நட்டமுமில்லை. எவரும் எடுபடாமல் கடைசியில் தனித்து நிற்பதுமில்லை.

இந்த எளிய ஏற்பாட்டின் அருமை எங்களுக்கு உடனே விளங்கவில்லை. பல்லாண்டு கழித்து, கடல் கடந்த ஊர் ஒன்றிலிருந்து வந்த தொலைபேசிப் பேச்சுத்தான் அதனை விளக்கியது.

எங்கள் நால்வருள் ஒருவரின் தங்கை மகன் அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் வாழ்கிறான். ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. “மாமா, இந்த வருஷம் எங்க டீமுக்கு முதல் ரவுண்டுல நல்ல இடம் கிடைச்சிருக்கு” என்பான். ‘டிராஃப்ட்’ என்னும் அந்தத் திருவிழா அங்கே மூன்று நாள் நடக்கிறது. நாடே தொலைக்காட்சி முன் அமர்ந்து பார்க்கிறது. பந்தாட்டம் அன்று, ஆட வேண்டிய இளைஞர்களைப் பங்கிட்டுக் கொள்ளும் சடங்கு! அமெரிக்கக் கால்பந்து என்பது பெயரளவில்தான் கால்பந்து. பெரும்பாலும் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. அதன் தொழில்முறைச் சங்கமான தேசியக் கால்பந்து லீக்கில் 32 அணிகள் உள்ளன. கல்லூரிகளில் ஆடித் தேர்ந்த இளைஞர்களை இவ்வணிகள் ஏழு சுற்றுகளில், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். முந்திய ஆண்டில் மிகவும் தோற்ற அணிக்கு முதல் முறை. வாகை சூடிய அணிக்குச் சுற்றின் இறுதி முறை. மெலிந்தவன் முந்தி உண்ணட்டும் என்னும் நல்லெண்ணத்தில் அமைந்தது இது.

இம்முறையைக் கொணர்ந்தவர் பெர்ட் பெல் என்னும் பிலடெல்பியா அணியின் உரிமையாளர். 1936ஆம் ஆண்டு முதல் டிராஃப்ட் நடந்தது. அதில் முதன்முதலாக எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர் என்னும் சிகாகோ பல்கலைக்கழக மாணவர். எடுத்த அணியும் பெல்லின் பிலடெல்பியாவே. வரலாற்றின் முதல் ‘முதல் தேர்வு’ ஆகிய அவர், தொழில்முறை ஆட்டத்தில் ஒருநாளும் களமிறங்கவில்லை! இதனை மருமகன் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்று சிந்தனை வந்தது.

முந்தி எடுக்கும் உரிமைக்கு அங்கே விலை உண்டு. ஓர் அணி தன் முறையை இன்னொன்றுக்கு விட்டுக்கொடுத்து, அதற்கீடாகப் பிந்திய முறைகள் பலவற்றைப் பெற்றுக்கொள்ளலாம். இவ்வகைப் பண்டமாற்றுக்காக 1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் அணியினர் ஓர் அட்டவணை வகுத்தனர். பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பெயரால் அஃது இன்றும் வழங்குகிறது. அதன்படி முதல் முறைக்கு 3000 புள்ளி, இரண்டாவதற்கு 2600, பத்தாவதற்கு 1300. அதாவது முதலாமவனை எடுக்கும் உரிமை, பத்தாமவனை எடுக்கும் உரிமையைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டது. மற்ற அணிகளும் ஏறத்தாழ இதே கணக்கைப் பின்பற்றிப் பேரம் பேசலாயின.

இந்தக் கணக்கு மெய்தானா என்று இரு அறிஞர்கள் ஆராய்ந்தனர். ஒருவர் கேட் மாஸி. மற்றவர் 2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு தேலர். 2013இல் வெளியான அவர்களது ஆய்வு சொல்லும் செய்தி கேட்பதற்கு விந்தையானது. ஒரே இடத்தில் ஆடும் இரு வீரரை எடுத்துக்கொண்டால், முந்தி எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு நூற்றுக்கு 52 மட்டுமே. காசைச் சுண்டி எறிந்தாலே 50 கிடைக்கும்! அந்த இரண்டு விழுக்காட்டு நுண்ணறிவுக்காகவா ஈட்டிய எதிர்காலத்தையெல்லாம் அடகு வைப்பது? கொடுக்கும் ஊதியத்தையும் பெறும் பயனையும் கழித்துப் பார்க்கையில், இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர்களே அணிக்கு மிகுதியான ஆதாயம் தந்தனர் என்பதும் அவர்கள் கண்ட முடிவு.

இதைக் கேட்டவுடன், ‘அப்படியாயின் முதல் முறை பயனற்றது’ என்று முடிவு கட்டிவிடலாகாது. 1998இல் முதலாவதாக எடுக்கப்பட்ட பெய்டன் மேனிங் பெருவீரராகி இருமுறை வாகை சூடினார். இரண்டாவதாக எடுக்கப்பட்ட ரயன் லீஃப், நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஆட்டத்தை விட்டே நீங்கினார். தேர்வுக்கு முன் இவ்விருவருள் யாரை எடுப்பது என்று வல்லுநர்கள் வழக்காடிக்கொண்டிருந்தனர்! 2000ஆம் ஆண்டிலோ 198 பேர் எடுக்கப்பட்ட பின், 199ஆவதாக அழைக்கப்பட்ட டாம் பிரேடி ஏழுமுறை வாகை சூடினார். சராசரி நோக்குங்கால் முந்தி எடுக்கப்படுவோர் பிந்தியோரைவிட மேலானவர்களே. பிழை அவர்களிடத்தில் இல்லை. தம் கண் ஒருபோதும் பிழைபடாது என்று எண்ணி அதற்கு விலை கொடுத்தோரிடத்திலே இருந்தது.

விலை மாறினால் மதிப்பும் மாறும் என்பதற்கும் அங்கேயே சான்றுண்டு. 2010இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபர்டுக்கு ஆறாண்டு ஒப்பந்தத்தில் 5 கோடி டாலர் உறுதியளிக்கப்பட்டது. புதியவர் ஊதியத்துக்கு 2011இல் வரம்பு விதித்தனர். அவ்வாண்டு முதலாவதாக எடுக்கப்பட்ட கேம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம் டாலரே. ஆள் தரம் குறையவில்லை, விலை குறைந்தது, ஆகவே முதல் முறையின் பயன் கூடியது.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். நம் தில்லியிலேயே இதற்கொரு கதை உண்டு. 2008 மார்ச் 2ஆம் நாள் கோலாலம்பூரில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. ஐ.பி.எல். போட்டி அப்போதுதான் தொடங்கவிருந்தது. பெரிய வீரர்களை ஏலத்தில் எடுத்த அணிகள், இவ்விளைஞர்களை மட்டும் டிராஃப்ட் முறையில் பங்கிட்டுக்கொண்டன. தில்லி அணிக்கு முந்தி எடுக்கும் வாய்ப்பு வந்தது. கோப்பை வென்ற அணியின் தலைவரும் தில்லிப் பையனுமான விராட் கோலி அவர்கள் முன் இருந்தார். தில்லி அணியிலோ சேவாக், கம்பீர் எனத் துடுப்பாட்டக்காரர் நிரம்பியிருந்தனர். வேண்டியது பந்து வீச்சாளர். ஆகவே இடக்கை வேகப்பந்து வீச்சாளரும் தில்லிப் பையனுமான பிரதீப் சங்வானை எடுத்தனர். கோலியைப் பெங்களூர் எடுத்தது. பின்னர் நடந்தவற்றை உலகறியும். அதற்காகச் சங்வானை எள்ளுதல் நெறியன்று. அவரும் தகுதியுள்ள வீரரே. தில்லியின் காரணமும் அந்நாளில் பொருத்தமாகவே தோன்றியது. இன்றைய தேவையை நோக்கி எடுத்தார்கள். நாளைய வளர்ச்சி கண்ணுக்குத் தெரியவில்லை.

ஏலத்தில் முறை என்பதில்லை, பணமே முறை. பெருந்தொகை வைத்திருப்பவன் முந்தி எடுப்பவன். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராசனின் வரலாற்றைப் பாருங்கள். 2017 ஏலத்தில் அவருடைய தொடக்க விலை 10 இலட்சம். பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அவ்வாண்டு அவர் சில ஆட்டங்களே ஆடினார்; ஒளிரவில்லை. மறு ஆண்டு ஐதராபாத் அணி 40 இலட்சத்துக்கு எடுத்து, இரண்டாண்டுகள் அவரைக் களமிறக்காமலே வைத்திருந்தது. 2020இல் வாய்ப்பளித்தபோது 16 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அவ்வாண்டு இறுதியில் ஆஸ்திரேலியா சென்று, ஒரே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2024 நவம்பரில் நடந்த ஏலத்தில் நம் தில்லி அணி அவரை 10 கோடியே 75 இலட்சத்துக்கு எடுத்தது. 2025இல் அவர் அதற்காக ஆடியவை இரண்டே ஆட்டங்கள். மூன்று கோடி, நாற்பது இலட்சம், பத்தேமுக்கால் கோடி என்று விலை ஏறி இறங்கி ஏறியது, ஆள் ஒருவரே. அவர் வாழ்வைத் திருப்பியது இவற்றுள் மிகக் குறைந்த விலைக்கு எடுத்தவர்களின் பொறுமை!

அதே தமிழகத்தின் சாய் சுதர்சனைக் குசராத் அணி 2022இல் 20 இலட்சத்துக்கு எடுத்தது. 2025இல் 759 ஓட்டங்கள் குவித்து, அப்போட்டியில் எல்லோரையும் விஞ்சினார். தில்லி அணி 2015இல் 16 கோடி கொடுத்து எடுத்த யுவராஜ் சிங்கையோ அவ்வாண்டு முடிவிலேயே விடுவித்துவிட்டது. இப்பட்டியல் நீளும். விலை என்பது எடுத்தவரின் நம்பிக்கையைக் காட்டும் எண். எடுக்கப்பட்டவரின் தகுதியை அளக்கும் எண் அன்று.

இதுவரை சொன்னதெல்லாம் பிறர் செய்த தவறு. இனி எங்கள் தவறுக்கு வருகிறோம்.

தில்லி கோலியை விட்டுவிட்ட அதே 2008ஆம் ஆண்டில் நாங்களும் ஒரு தேர்வு நடத்தினோம். நண்பர் சிலர் திரட்டித் தந்த பொருளைக்கொண்டு, மதராசி கேம்ப் பிள்ளைகளுள் ஒருவரை நல்லதொரு தனியார் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைப்பது என்று முடிவாயிற்று. பணம் ஒருவருக்கே போதுமானது. நாங்கள் ஒரு நுழைவுத் தேர்வு வைத்தோம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் முதலில் நின்றான். கணக்கில் புலி. அடுத்து நின்றவள் ஒரு சிறுமி. அவனைவிட நான்கு மதிப்பெண் குறைவு. நான்கே நான்கு! அன்று மாலை அவளுடைய தாய் வேலை முடிந்து நேரே எங்களிடம் வந்தார். “சார், இவளையும் ஒரு தரம் பாருங்க. ராத்திரி விளக்கு அணைச்ச பிறகும் தெருவிளக்குல படிக்கிறா” என்றார். நாங்கள் மதிப்பெண் பட்டியலைக் காட்டினோம். பட்டியல் நேர்மையானது என்று நாங்கள் உளமார நம்பினோம். அவர் அதனை வாங்கிப் பார்த்துவிட்டு, எழுத்தறியாதவராகையால், திருப்பித் தந்து சென்றுவிட்டார்.

சிறுவனைப் பள்ளியில் சேர்த்தோம். சீருடை, புத்தகம், தனிப்பயிற்சி என ஒவ்வொன்றாகச் செலவு பெருகியது. ஒவ்வொரு செலவும் அடுத்த செலவுக்குக் காரணமாயிற்று. ‘இவ்வளவு செய்துவிட்டோம், இன்னும் சற்றுச் செய்தால் அவன் பொறியாளன் ஆகிவிடுவான்’ என்று ஊக்கிக்கொண்டோம். அவன் நான்காண்டு நன்கு படித்தான். 2012இல் அவன் தந்தை நோயுற்றுப் படுத்தார். வீட்டில் வேறு வருவாயில்லை. பதினோராம் வகுப்பின் நடுவிலே அவன் படிப்பை விட்டு ஒரு மின்சாதனக் கடையில் வேலைக்கமர்ந்தான். நாங்கள் விடவில்லை. மீண்டும் வருவான், வருவான் என்று மேலும் இரண்டாண்டு தனிப்பயிற்சிக் கட்டணத்தை ஒதுக்கி வைத்தோம். அதே இரண்டாண்டில் தகரக் கூரையின் கீழ் இருந்த ஏனைய பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கவும் முடையாக இருந்தது.

இதற்கும் ஆய்வுண்டு என்பதைப் பின்னாளில் மருமகன் வாயிலாகவே அறிந்தோம். பேரி ஸ்டா, ஹா ஹோவாங் என்னும் இருவர் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களை ஆராய்ந்து 1995இல் எழுதினர். முந்தி எடுக்கப்பட்ட வீரர், அதற்கேற்ப ஆடாவிடினும், மிகுதியான நேரம் களத்தில் விடப்படுகிறார்; நெடுநாள் அணியில் வைத்துக்கொள்ளப்படுகிறார். ஏன்? கொடுத்த விலையை மறக்க எவருக்கும் மனம் வருவதில்லை. எங்களுக்கும் வரவில்லை.

ஆயினும் அவ்வாய்வில் இல்லாத ஒன்றை நாங்கள் கண்டோம். கடையில் வேலைக்குச் சேர்ந்த பின் அச்சிறுவன் எங்களைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவான். முன்பெல்லாம் தொலைவிலிருந்தே ‘சார்’ என்று கூவி ஓடி வந்தவன்! முதலாவதாக எடுக்கப்படுவது பெருமை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அது பதினாறு வயதுத் தோளில் ஏற்றிய கடன் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

காலம் சென்றது. வடிகாலைத் தூர்வாரவும் வெள்ளத்தைத் தடுக்கவும் வேண்டி, மதராசி கேம்பை அகற்றுமாறு தில்லி உயர்நீதிமன்றம் 2025 மே மாதம் ஆணையிட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 370 வீடுகளுள் பாதிக்குச் சற்று மேற்பட்டவையே மாற்றிடம் பெறத் தகுதியுடையன என்று பட்டியல் வந்தது. மாற்றிடம் நரேலாவில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. ஜூன் 1ஆம் நாள் வீடுகள் இடிக்கப்பட்டன.

பட்டியல்! பெயர் உள்ளவர், பெயர் இல்லாதவர் என்று ஒரு சந்தே இரண்டாகப் பிரிந்து நின்ற காட்சியை மறத்தல் அரிது. உத்தி பிரிக்கையில் இரு அணியிலும் எடுபடாதவன் ஒருவன் உண்டோ? இங்கே உண்டு. அடுத்தடுத்த வீடு, ஒரே ஆண்டில் ஊரை விட்டு வந்தவர்கள், ஒருவரிடம் ஓர் ஆவணம் இருந்தது, மற்றவரிடம் இல்லை.

அந்த நாட்களில் எங்கள் வயது முதிர்ந்த கால்கள் பெரிதாக ஒன்றும் செய்ய இயலவில்லை. சந்தின் முனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து ஒரு பெண் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆவணங்களின் எண்களைச் சரிபார்த்து, இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பெரியவர்களின் கட்டைவிரலைப் பிடித்து மையில் வைத்தாள். நான்கு மதிப்பெண் குறைந்தவள்! பள்ளியிறுதி முடித்து, அஞ்சல் வழியில் பட்டமும் பெற்று, ஒரு மருந்துக் கடையில் கணக்கெழுதுகிறாளாம். எங்கள் உதவி ஒரு காசும் அதில் இல்லை. அவள் எங்களைக் கண்டு எழுந்து வணங்கி, “உட்காருங்க சார்” என்று தன் நாற்காலியைத் தந்தாள். எங்களுக்கு உட்காரக் கூசிற்று.

மே 31 மாலை ஒரு சிறு டெம்போ வந்து நின்றது. ஓட்டி வந்தவன் அச்சிறுவன். இப்போது இருபத்தொன்பது வயது இளைஞன். சொந்தமாக மின்பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். தன் தாயின் பெட்டியை ஏற்றியவன் அத்துடன் நிற்கவில்லை. பட்டியலில் பெயரில்லாத வீடுகளின் பாத்திரம், கட்டில், அரிசி மூட்டை ஆகியவற்றையும் வாடகை அறை கிடைத்த இடங்களுக்கு நள்ளிரவு வரை ஏற்றி இறக்கினான். கூலி வாங்கவில்லை. இடையே தண்ணீர் குடிக்க நின்றபோது, பதின்மூன்று ஆண்டுக்குப் பின் எங்கள் முகத்தை நேரே பார்த்தான்.

“உங்க கணக்குல நான் நஷ்டந்தானே சார்?” என்றான்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எங்களால் சிரிக்க இயலவில்லை. “கணக்குத்தான் தப்புப்பா” என்று எங்களுள் ஒருவர் சொன்னார். அதற்குமேல் பேச்சு எழவில்லை. அவன் குவளையைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த சுமையைத் தூக்கச் சென்றான்.

இரண்டு நாள் கழித்து, ஜூன் 3ஆம் நாள், அகமதாபாத்தில் ஐ.பி.எல். இறுதியாட்டம். பதினெட்டாம் ஆண்டில் பெங்களூர் முதன்முறையாகக் கோப்பை வென்றது. கோலி கண்ணீர் விட்டார். 2008இல் எடுத்தவர்கள் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தனர், எடுக்கப்பட்டவரும் காத்திருந்தார். தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த எங்களுக்கு ஆட்டத்தைவிட அந்த ஆண்டுக் கணக்கே மனத்தில் நின்றது. தேர்ந்தெடுப்பது ஒரு நொடி. வளர்ப்பது பதினெட்டு ஆண்டு. நாம் அந்த நொடிக்கே விலையெல்லாம் கொடுத்துவிட்டு, ஆண்டுகளுக்கு ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களில் இவ்வழக்கம் ஆழ வேரூன்றியிருக்கிறது. மூத்தவன் கெட்டிக்காரன் என்று கண்டால் சேமிப்பெல்லாம் அவனுக்கே. முதல் மதிப்பெண் பெற்றவளுக்கே மேடையில் பொன்னாடை. பிந்தியவர்கள் தாமே வழி தேடிக்கொள்ளட்டும் என்று விடுகிறோம். முந்தியவனோ வழுக்கினால் வழுக்கியதைச் சொல்லவும் அஞ்சுகிறான். இரு திறத்தாருக்கும் தீங்கு. சிறந்தவரைப் போற்ற வேண்டாம் என்பது எங்கள் கருத்தன்று. மேனிங்கை எடுத்தவர்கள் ஏமாறவில்லையே! முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே உள்ள நான்கு மதிப்பெண்ணை நாற்பதாயிரம் ரூபாய் வேறுபாடாக ஆக்காதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இப்போது நாங்கள் நுழைவுத் தேர்வு வைப்பதில்லை. நரேலாவிலும் வாடகை அறைகளிலுமாகச் சிதறிப்போன பிள்ளைகளின் பெயர்களைத் தேடித் தொகுத்து வருகிறோம். அப்பெண்ணே அதற்குத் துணை. ஒருவருக்குப் பெருந்தொகை என்பதை விட்டு, பலருக்குச் சிறு தொகை என்று மாற்றிக்கொண்டோம்: புத்தகம், பள்ளி சென்று வரும் செலவு, தேர்வுக் கட்டணம். ஆண்டுதோறும் அவர்களைப் பார்த்து, யாருக்கு எப்போது கூடுதல் தேவையோ அப்போது கூட்டித் தருகிறோம். இவருள் யார் எவ்வாறு வருவார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள எங்களுக்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின. தோளில் கைபோட்டுக்கொண்டு இரகசியப் பெயருடன் வந்து நின்ற அக்குழந்தைகளுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது.

சங்கத்து ஆண்டுவிழாவில் பரிசு பெறும் மாணவர் பெயரை வாசிக்கும்போது, பட்டியலின் அடுத்த பெயரையும் குறித்து வையுங்கள். விழா முடிந்து வீடு செல்லுமுன், அப்பிள்ளையின் தாயிடம் ஒரு வார்த்தை பேசிச் செல்லுங்கள்.